ஆளில்லாத நேரத்து வாடகை

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஆரணியில் எங்கள் அலுவலகம் காலை ஒன்பது மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடும், ஞாயிறு விடுமுறை. ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்ப்பது வாரத்துக்கு 66 மணி நேரம். மீதி 102 மணி நேரமும் சோதனைக்கென்று வைத்திருக்கும் சர்வரையும் டேட்டாபேஸையும் தொடுவதற்கு அலுவலகத்தில் ஆள் கிடையாது. ஆனால் அவற்றுக்கு வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். நூற்றுக்கு அறுபது பங்கு வீண் என்று இந்தக் கணக்கைப் போட்டுச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த அறுபதை மாதக் கடைசியில் பில்லில் குறைத்துக் காட்டுவது வேறு வேலை. அந்த வேலையில் நான் கற்றதை, இதே தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஊர். வெளியூர்க்காரர்கள் எங்களை அரிசியாலும் பட்டாலும் அறிவார்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஊருக்குள்ளும், சேவூர், தேவிகாபுரம், அத்திமலைப்பட்டு என்று சுற்றிலும் உள்ள ஊர்களிலும் தறிகள் இருக்கின்றன. நான் பிறந்ததும் தறி இருந்த வீட்டில்தான். படித்து முடித்துச் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் வேலை பார்த்தேன். 2020 பொதுமுடக்கத்தில் ஊருக்கு வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது பட்டு வியாபாரிகளுக்கு மென்பொருள் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் கிளவுட் என் பொறுப்பு. கச்சாப் பட்டு எவ்வளவு இருப்பு, சாயத்துக்குப் போன நூல் எவ்வளவு, எந்தத் தறியில் எந்தப் பாவு ஓடுகிறது, வந்த சேலை எத்தனை, கொடுத்த கூலி எவ்வளவு, ஜிஎஸ்டி பில் என்ன என்பதையெல்லாம் எங்கள் மென்பொருள் வைத்துக்கொள்ளும்.

இதை வாங்குகிறவர்கள் பெரிய ஜவுளி மாளிகைகள் அல்ல. பத்து இருபது தறிகளுக்குப் பட்டு கொடுத்து வாங்குகிற சிறிய முதலாளிகள். மாதச் சந்தா நூறு ரூபாய் ஏறினாலும் "பழைய நோட்டே போதும் தம்பி" என்று விட்டுவிடுவார்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் சேவையைக் கொடுக்க வேண்டுமானால் எங்கள் செலவில் பெரும்பங்கான கிளவுட் பில் குறைய வேண்டும். எனக்கு இந்த வேலை மீது பிடிப்பு வந்ததற்குக் காரணம் அதுதான். நான் மிச்சம் பிடிக்கும் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பது எனக்குக் கண்ணெதிரே தெரிகிறது.

வாடகை எப்படி ஏறுகிறது

அமேசான் 2006-இல் இசி2 என்ற பெயரில் சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2016-இல் மும்பையில் அவர்களுடைய தரவு மையங்கள் திறந்தன. எங்கள் சர்வர்கள் இருப்பது அங்கேதான். 2017 அக்டோபரிலிருந்து லினக்ஸ் சர்வர்களுக்கு நொடிக்கணக்கில் கட்டணம், குறைந்தது அறுபது நொடி. ஆகவே நிறுத்தி வைத்த ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் குறையும். டேட்டாபேஸை நிறுத்தி வைக்கும் வசதி தாமதமாகவே வந்தது. அமேசானின் ஆர்டிஎஸ் டேட்டாபேஸை நிறுத்தித் தொடங்கும் வசதி 2017-இல்தான் கிடைத்தது. அதற்கு முன் இரவில் செலவைத் தவிர்க்க வேண்டுமானால் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு டேட்டாபேஸையே அழித்துவிட்டு, காலையில் பிரதியிலிருந்து புதிதாக உருவாக்க வேண்டும். சிறிய அலுவலகங்கள் பலவும் அந்தத் தொல்லைக்குப் பயந்தே இரவும் பகலும் ஓட விட்டிருந்தன.

எந்த மென்பொருள் நிறுவனத்திலும் வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வர் ஒரு பங்குதான். அதற்குப் பின்னால் நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒன்று, சோதிக்கிறவர்களுக்கு ஒன்று, வெளியிடுவதற்கு முன் கடைசியாகப் பார்க்கும் ஸ்டேஜிங் ஒன்று, புதிய வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு டெமோ ஒன்று என்று நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனி டேட்டாபேஸ். வாடிக்கையாளர் சர்வரை நாம் நிறுத்த முடியாது. இரவு பதினொரு மணிக்கும் ஒருவர் கூலிக் கணக்குப் பார்ப்பார். பின்னால் நிற்கும் மற்றவைதான் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம்.

யாருடையது என்ற கேள்வி

வேலையைத் தொடங்கியதும் முதலில் தட்டுப்பட்டது தொழில்நுட்பச் சிக்கல் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களின் பட்டியலைத் திறந்தால், பாதிக்கு மேல் யாருடையது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. 'டெஸ்ட் புதியது', 'டெஸ்ட் புதியது இரண்டு', 'தற்காலிகம்' என்று பெயர்கள். தற்காலிகம் என்ற பெயரில் இருந்ததுதான் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. யாருடையது என்று தெரியாத ஒன்றை நிறுத்துவதற்கு யாருக்கும் துணிவு வராது. நிறுத்தினால் யார் வேலை கெடும் என்று தெரியாதே.

பட்டு முதலாளி வீட்டில் இப்படி நடக்காது. நெசவாளருக்கு நூலை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். அவர் பெயரில் நோட்டில் ஏறும். சேலை வந்ததும் திரும்ப எடை போடுவார்கள். கொடுத்த பட்டும் ஜரிகையும் வந்த சேலையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கூலி. எந்த நூல் எந்த வீட்டில் இருக்கிறது என்று எந்த நேரத்தில் கேட்டாலும் நோட்டைப் புரட்டிச் சொல்வார்கள். விலை உயர்ந்த பொருளை ஆள் பெயர் இல்லாமல் வெளியே விடுவதில்லை என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த ஒழுங்கு. நான் கிளவுடில் கொண்டுவர விரும்பியது அந்த நோட்டைத்தான்.

அந்த நோட்டுக்கு அமேசான் வைத்திருக்கும் வசதி டேக். சர்வர், டேட்டாபேஸ், வட்டு என்று எந்தப் பொருளின் மீதும் ஒரு தலைப்பும் அதற்கு ஒரு மதிப்பும் எழுதி ஒட்டலாம். ஒரு பொருளுக்கு ஐம்பது வரை ஒட்டலாம். தலைப்பு 128 எழுத்து வரையிலும், மதிப்பு 256 எழுத்து வரையிலும் போகலாம். கூகுள் கிளவுடில் இதே வேலையைச் செய்வதை லேபிள் என்கிறார்கள். இவ்வளவு இடம் இருக்கிறதே என்று நிறைய ஒட்டத் தொடங்கினால் யாரும் தொடர்ந்து நிரப்ப மாட்டார்கள். நாங்கள் ஐந்தோடு நிறுத்தினோம்: எந்தச் சூழல், யார் பொறுப்பு, எந்த வேலைக்கு, எந்த ஷெட்யூல் (ஓடும் நேர அட்டவணை), எந்தத் தேதி வரை.

எழுத்து ஒழுங்கு இங்கே மிக முக்கியம். டேக்கில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. ஒருவர் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதியதையும் இன்னொருவர் சிறிய எழுத்தில் எழுதியதையும் கணினி இரண்டு தனித்தனி டேக்குகளாகவே பார்க்கும். சர்வரைக் குறித்த நேரத்தில் தொடங்கி நிறுத்தும் நிரலான ஷெட்யூலர் ஒன்றைக் கண்டு நிறுத்தும்; மற்றதைக் கண்டுகொள்ளாது. அதனால் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் எழுதுவது என்று முடிவு செய்தோம். அனுமதிக்கப்பட்ட மதிப்புகளை ஒரே பக்கத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். கணக்குகள் பல இருக்கும் நிறுவனங்களில் இந்த ஒழுங்கைக் கட்டாயமாக்க அமேசானிலேயே டேக் பாலிசி என்ற வசதி 2019-லிருந்து இருக்கிறது. சிறிய இடத்துக்குச் சுவரில் ஒட்டிய தாளே போதும்.

கேட்டுவிட்டு நிறுத்துவது

டேக் ஒட்டுவதற்காக ஒவ்வொருவரிடமும் போய் மூன்று கேள்விகள் கேட்டேன். இது உங்களுடையதா? எந்த நேரத்தில் தேவை? எப்போது வரை தேவை? இந்த வேலையின் கனமான பகுதி இதுதான் என்று இப்போதும் சொல்வேன். ஷெட்யூலர் நிறுவுவது ஒரு பிற்பகல் வேலை. இந்தப் பேச்சுகளுக்கு ஆன காலம் அதைவிடப் பல மடங்கு.

சோதனைப் பிரிவில் இருந்த ஒரு பெண் நேராகவே சொன்னாள்: "அண்ணா, எட்டு மணிக்கு நிறுத்திட்டீங்கன்னா நான் எப்ப டெஸ்ட் பண்றது? குழந்தை தூங்கினப்புறம்தான் நான் லேப்டாப்பையே தொடுவேன்." அவள் சேவூரில் வீட்டிலிருந்தபடி வேலை செய்கிறவள். அலுவலக நேரம் என்று ஒரே ஷெட்யூலைப் போட்டிருந்தால் அவளுடைய இரவு வேலை நேரம் முழுவதும் அடைபட்டிருக்கும். அவளுக்காகப் பிற்பகல் இரண்டிலிருந்து நள்ளிரவு வரை ஓடும் தனி ஷெட்யூல் ஒன்றை எழுதினேன். மொத்த மணி நேரம் கூடவில்லை. ஆளுக்கு ஏற்ற நேரத்துக்கு நகர்ந்தது.

இன்னொருவர் தயங்கினார்: "நடு ராத்திரி கஸ்டமர் போன் பண்ணா என்ன பண்றது?" நியாயமான கவலை. பொறுப்பாளர் தாமே ஷெட்யூல் டேக்கின் மதிப்பை மாற்றிச் சர்வரைத் தொடங்கிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தோம். யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டாம். இந்தச் சாவி தங்கள் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எதிர்ப்பு குறைந்தது. செலவைக் குறைப்பதற்காகச் செய்யும் எந்த ஏற்பாடும் வேலை செய்கிறவர்களைக் கெஞ்ச வைத்தால் அது நிலைக்காது. அவர்கள் சுற்றி வர வழி தேடுவார்கள்.

யாருமே தன்னுடையது என்று சொல்லாத சர்வர்களும் இருந்தன. அவற்றை அழிக்கவில்லை. முதலில் நிறுத்தினோம். நிறுத்திய சர்வரின் வட்டு அப்படியே இருக்கும். யாராவது கேட்டு வந்தால் தொடங்கிக் கொடுக்கலாம். சிறிது காலம் காத்திருந்து, வட்டின் பிரதி எடுத்து வைத்துக்கொண்ட பிறகே நீக்கினோம்.

ஷெட்யூலரின் உள்வேலை

அமேசானே இதற்கென ஒரு தயார் ஏற்பாட்டை இலவசமாகக் கொடுக்கிறது. இன்ஸ்டன்ஸ் ஷெட்யூலர் என்று பெயர். அதன் தத்துவம் எளியது. ஈவென்ட்பிரிட்ஜ் என்ற கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லாம்டா என்ற சிறு நிரலை எழுப்பும். அது டைனமோடிபி அட்டவணையில் எழுதியிருக்கும் ஷெட்யூல்களைப் படிக்கும். எந்தச் சர்வரின் மீது எந்த ஷெட்யூலின் பெயர் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும். ஓட வேண்டிய நேரம் வந்ததும் தொடங்கும், நிற்க வேண்டிய நேரம் வந்ததும் நிறுத்தும். லாம்டாவில் மாதம் பத்து லட்சம் அழைப்பு வரை இலவசம் என்பதால் இந்தக் காவலாளிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

இதில் ஷெட்யூலை ஓரிடத்திலும் பொருளை இன்னோர் இடத்திலும் வைத்திருப்பதுதான் சிறப்பு. அலுவலக நேரம் மாறினால் அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் போதும். அந்த ஷெட்யூல் பெயரைத் தாங்கிய எல்லாமே மாறிவிடும். ஒரு சர்வர் வேறு ஆளுக்குப் போனால் டேக்கை மட்டும் மாற்றினால் போதும். நிரலை யாரும் தொட வேண்டியதில்லை.

நம் நாட்டு நேரத்தில் கவனம் வேண்டும். ஈவென்ட்பிரிட்ஜின் பழைய வகை விதிகளை நேரடியாக எழுதினால் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை ஒன்பது என்றால் அங்கே மூன்றரை. அரை மணியை மறக்காதவர்களும் கிழமையில் தடுக்கி விழுவதுண்டு. திங்கள் காலை ஐந்து மணி இங்கே என்றால் அங்கே ஞாயிறு இரவு பதினொன்றரை. திங்கள் என்று எழுதினால் சர்வர் ஒரு நாள் தள்ளி எழும். இன்ஸ்டன்ஸ் ஷெட்யூலரில் ஆசியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தைச் சொல்லிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. 2022-இல் வந்த ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரிலும் அந்த வசதி உண்டு.

டேட்டாபேஸ் தனிப் பாடம்

சர்வரைவிட டேட்டாபேஸிடம் பொறுமை அதிகம் வேண்டும். முதலாவது, நிறுத்திய ஆர்டிஎஸ் டேட்டாபேஸ் நின்றபடியே இருக்காது. ஏழு நாள் கழித்து அமேசான் அதைத் தானாகத் தொடங்கிவிடும். பராமரிப்புத் திருத்தங்கள் விடுபடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. தீபாவளி விடுமுறைக்கு முன் கையால் நிறுத்திவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போகிறவர்கள் பில்லைப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொள்வார்கள். தானாக எழுந்ததையும் நிறுத்தும்படி ஷெட்யூலரை அமைத்திருந்தால் அது மீண்டும் நிறுத்தும்.

இரண்டாவது, டேட்டாபேஸ் எழுவதற்கு நேரம் பிடிக்கும். சில நிமிடங்களில் எழுவதும் உண்டு, மிக அதிக நேரம் எடுப்பதும் உண்டு. ஒன்பது மணிக்குச் சர்வரும் டேட்டாபேஸும் ஒன்றாகத் தொடங்கினால், சர்வர் முந்திக்கொண்டு டேட்டாபேஸைத் தேடும். கிடைக்காமல் பிழை காட்டி நிற்கும். எங்கள் ஏற்பாட்டில் டேட்டாபேஸ் எட்டரைக்கு எழும், சர்வர் எட்டே முக்காலுக்கு எழும். மாலையில் வரிசை தலைகீழ்: சர்வர் முதலில் நிற்கும், டேட்டாபேஸ் பிறகு. எழுதிக்கொண்டிருக்கும் கணக்கு பாதியில் அறுபடாமல் இருப்பதற்கு இந்த ஒழுங்கு தேவை.

மூன்றாவது, தானியங்கிக் காப்புப் பிரதி. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில்தான் அது எடுக்கப்படும். ஆளில்லாத நேரம் என்று பலரும் அதிகாலை இரண்டு மணிக்கு அதை வைத்திருப்பார்கள். இரவில் நிறுத்தத் தொடங்கினால் அந்தப் பிரதி எடுக்கப்படவே மாட்டாது. எந்தப் பிழைச் செய்தியும் உங்களைத் தேடி வராது. ஆகவே முதல் இரவு நிறுத்துவதற்கு முன்பே பிரதி எடுக்கும் நேரத்தையும் பராமரிப்பு நேரத்தையும் மதிய உணவு வேளைக்கு மாற்றினேன். சர்வருக்கு உள்ளே இரவில் ஓடும்படி எழுதியிருக்கும் சிறு வேலைகளையும் இதேபோல் பட்டியல் எடுத்துப் பகலுக்கு நகர்த்த வேண்டும்.

நான்காவது, படிப்பதற்கென நகல் டேட்டாபேஸ் இணைத்திருந்தால் மூல டேட்டாபேஸை நிறுத்த முடியாது. நகலையும் நிறுத்த முடியாது. ஸ்டேஜிங்கில் அந்த நகல் உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்பதற்கு அது ஒரு வாய்ப்பு. எங்கள் இடத்தில் வேண்டியிருக்கவில்லை, எடுத்துவிட்டோம்.

நிறுத்துவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தேவைக்கேற்பச் சர்வர் எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங் குழுவுக்குள் இருக்கும் சர்வரின் மீது ஷெட்யூல் டேக் ஒட்டக் கூடாது. அது நின்றதும் குழு அதை நோயுற்றதாக நினைத்து நீக்கிவிட்டு வேறு ஒன்றைத் தொடங்கிவிடும். அத்தகைய குழுவுக்கு எண்ணிக்கையைக் குறித்த நேரத்தில் பூஜ்ஜியமாக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

வட்டு நாமே உருவாக்கிய சாவியால் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் ஷெட்யூலருக்கு அந்தச் சாவியைப் பயன்படுத்தும் அனுமதியையும் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நிறுத்துவது ஒழுங்காக நடக்கும். காலையில் தொடங்கு என்ற கட்டளையும் ஏற்கப்பட்டதுபோல் தெரியும். ஆனால் சர்வர் ஒரு கணம் எழுந்து மறுபடி நின்றுவிடும். காரணம் தெரியாமல் தேடுகிறவர்களுக்கு அரை நாள் போய்விடும்.

சில வகைச் சர்வர்களில் அதே இயந்திரத்தோடு ஒட்டிய உள்வட்டு இருக்கும். நிறுத்தினால் அதில் உள்ளது அழியும். தானாகக் கிடைத்த பொது முகவரி மறுநாள் மாறியிருக்கும். மைக்ரோசாஃப்டின் அஜூரில் இன்னொரு நுணுக்கம்: சர்வருக்கு உள்ளே போய் ஷட்டவுன் செய்தால் வாடகை நிற்காது. வெளியிலிருந்து நிறுத்தி இயந்திரத்தை விடுவித்தால்தான் நிற்கும். அமேசானிலிருந்து அஜூருக்கு மாறும் பொறியாளர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

எதுவெல்லாம் மிச்சமாகாது என்பதையும் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிறுத்திய சர்வரின் வட்டுக்குக் கட்டணம் உண்டு. டேட்டாபேஸின் சேமிப்பிடத்துக்கும் காப்புப் பிரதிக்கும் கட்டணம் உண்டு. ஒதுக்கி வைத்திருக்கும் நிலையான பொது முகவரிக்கும் உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து பயன்பாட்டில் உள்ள முகவரிகளுக்கும் மணிக்கு அரை அமெரிக்க சென்ட் வாங்குகிறார்கள். ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ முன்கூட்டியே பேசி ஒப்பந்தம் போட்ட சர்வரை நிறுத்தினால் ஒரு பைசா குறையாது. பேசிய தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். எனவே ஒப்பந்தம் இரவும் பகலும் ஓடும் வாடிக்கையாளர் சர்வர்களுக்கு, ஷெட்யூல் மற்றவற்றுக்கு. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடக் கூடாது. 102 மணி நேரம் நிறுத்தினால் பில் முழுவதுமே அறுபது சதவீதம் குறையும் என்று வாக்குக் கொடுக்கிறவர்கள் இதையெல்லாம் கழித்துப் பார்க்காதவர்கள். குறைவது சர்வரும் டேட்டாபேஸும் ஓடும் நேரத்தின் வாடகை மட்டும்.

ஊரின் நாட்காட்டி

வெளியூர் நிறுவனங்களின் ஷெட்யூல் திங்கள் முதல் வெள்ளி வரை என்று முடிந்துவிடும். பட்டுத் தொழிலின் நாட்காட்டி வேறு. முகூர்த்த மாதங்களான ஆவணியிலும் தையிலும் எங்களுக்கு ஆர்டர் அதிகம். அதற்கு முந்தைய வாரங்களில் புதிய வசதிகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்பதால் ஸ்டேஜிங் கூடுதல் நேரம் ஓடும். ஆடியிலும் மார்கழியிலும் டெமோ சர்வரைக் கேட்பார் குறைவு. அது கேட்டால் மட்டும் தொடங்கும் ஷெட்யூலுக்குப் போகும்.

எங்கள் பக்கத் தறி வீடுகளில் அமாவாசை விடுமுறை. அன்று தறிக்காரர்கள் பக்கத்திலிருந்து வரும் பதிவுகளை வைத்துச் செய்யும் சோதனைக்கு வேலை இருக்காது. இன்ஸ்டன்ஸ் ஷெட்யூலரில் மாதத்தின் முதல் வெள்ளி, கடைசி வெள்ளி என்றெல்லாம் எழுதலாம்; அமாவாசை என்று எழுத வழியில்லை. அதற்காக ஒரு சிறு நிரல் எழுதினேன். ஆண்டின் தொடக்கத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்து அமாவாசைத் தேதிகளைக் கொடுத்துவிட்டால், அந்த நாள்களில் குறிப்பிட்ட சர்வர்களின் ஷெட்யூல் டேக்கை அது மாற்றிவிட்டு மறுநாள் பழையபடி வைக்கும். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை நாளும் அதே பட்டியலில் சேர்ந்தது. ஊரில் பகல் முழுவதும் மின்சாரம் இல்லாதபோது மும்பையில் எங்கள் சோதனைச் சர்வர்கள் ஓடுவதில் பொருள் இல்லை. மின்தடை அறிவிப்பு செய்தித்தாளில் வந்ததும் தேதியைச் சேர்ப்பது அலுவலகத்தில் ஒருவருடைய வேலை.

பெரிய சேமிப்பு இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் கிடைக்கிறது. அமாவாசையில் கிடைப்பது சிறு தொகை. ஆனாலும் அந்த நிரலை நான் மதிக்கிறேன். உங்கள் ஊர் எப்போது வேலை செய்கிறது, எப்போது ஓய்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். தயார் ஏற்பாட்டை எழுதியவருக்கு அது தெரிந்திருக்க முடியாது. அந்த அறிவைச் சேர்க்கும்போதுதான் அது உங்கள் கருவியாகிறது.

பில்லில் தெரிய வேண்டும்

சேமித்ததைக் காட்டுவதற்கும் டேக்தான் துணை. பில் பகுதியில் எந்த டேக்கின்படி செலவைப் பிரிக்க வேண்டும் என்று தேர்ந்து செயல்படுத்த வேண்டும். வெறுமனே ஒட்டினால் அறிக்கையில் வராது. செயல்படுத்திய பிறகு ஒரு நாள் வரை பொறுக்க வேண்டும். பழைய மாதங்களை 12 மாதம் வரை பின்னோக்கி நிரப்பும் வசதி இப்போது உண்டு. ஆனால் அந்த மாதத்தில் டேக் ஒட்டப்படாமலே இருந்த பொருளை அது கண்டுபிடித்துத் தராது. எனவே ஷெட்யூல் போடும் எண்ணம் வருவதற்கு முன்பே டேக் ஒட்டத் தொடங்குவது நல்லது.

எங்கள் அலுவலகத்தில் மாதத்தின் முதல் வாரத்தில் ஆள் வாரியாகச் செலவுப் பட்டியலை எடுத்து எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல. தன் பெயருக்கு எதிரே ஒரு தொகையைப் பார்த்ததும் "இந்த டேட்டாபேஸ் இனி வேண்டாம், எடுத்துடலாம்" என்று அவர்களே சொல்கிறார்கள். தேவைக்கு மேல் பெரிய சர்வரை எடுத்திருந்தவர்கள் சிறியதற்கு மாற்றிக்கொள்கிறார்கள். ஷெட்யூல் கொடுத்த மிச்சத்தைவிட இந்தப் பழக்கம் கொடுத்தது பெரிது என்பது என் அனுபவம். அதற்குப் பிறகு எங்கள் சந்தா விலையை ஏற்றாமல் வைத்திருக்க முடிந்தது. ஏற்றியிருந்தால் விட்டுப் போயிருக்கக் கூடிய சிறிய முதலாளிகள் இன்றும் எங்களிடம் கணக்கு எழுதுகிறார்கள்.

இப்போது எங்கள் இடத்தில் புதிய சர்வர் உருவாக்கும் நிரலிலேயே ஐந்து டேக்குகளும் கட்டாயம். பொறுப்பாளர் பெயர் இல்லாமல் எதுவும் பிறக்காது. இந்தப் பகுதிக் கல்லூரிகளிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு முதல் வாரத்தில் நான் கொடுக்கும் வேலையும் இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலை எடு, ஒவ்வொன்றுக்கும் உரியவரைக் கண்டுபிடித்துப் பேசு, எழுதி வா. நிரல் எழுதக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். பட்டியலோடு திரும்பி வரும்போது நிறுவனத்தில் யார் என்ன செய்கிறார்கள், எதற்கு எவ்வளவு ஆகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் இடத்தில் நாளைக்கே தொடங்க நினைத்தால் ஷெட்யூலரை நிறுவுவதைத் தள்ளி வையுங்கள். பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு மனிதரின் பெயரை எழுதுங்கள். அவரிடம் எந்த நேரம் வேண்டும் என்று கேளுங்கள். பெயர் எழுத முடியாத வரிகளை நிறுத்தி வையுங்கள். பெயர் உள்ளவற்றை, காப்புப் பிரதி நேரத்தைச் சரிபார்த்துவிட்டு, அவர் சொன்ன நேரத்துக்கு ஓட விடுங்கள். அடுத்த மாதப் பில்லை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். இந்த வரிசையை மாற்றாமல் செய்தால் ஆளில்லாத நேரத்து வாடகை குறையும். குறைந்தது மறுபடி ஏறாமலும் இருக்கும்.